அந்தக் கல்யாணத்தில் நான் சாப்பிட்டது

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா நலம், வீடு நலம், பால்கனியில் நீ வைத்துவிட்டுப் போன செடிகூட நலம், நான் நலமா என்பதை மட்டும் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். நீ நலமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன், அந்த ஒரு வார்த்தைக்குக் கை வரவில்லை, கேட்டதாகவே வைத்துக்கொள். நாற்பது நாளாக நான் போன் அடிக்கிறேன், நீ எடுக்கவில்லை, அது உன் இஷ்டம், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் காகிதத்தைப் பாதிப் பேச்சில் துண்டிக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும், கிழிப்பதாக இருந்தால் முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கிழி. பஸ் நிலையத்து மைக்கில் இருபத்திரண்டு வருஷம் ஊருக்கெல்லாம் 'பயணிகள் கவனத்திற்கு' என்று கத்தினவள், பெற்ற பெண்ணின் கவனத்துக்கு ஒரு விஷயம் சொல்லத் தபால் பெட்டியைத் தேடிப் போகவேண்டியதாகிவிட்டது பார்.

போன வாரம் மாப்பிள்ளை அப்பாவிடம் பேசினார். நீ சரியாகச் சாப்பிடுவதில்லையாம், ஜன்னல் ஓரத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறாயாம், தட்டில் போட்டது போட்டபடி காய்ந்து போகிறதாம். ஒருநாள் மட்டும் திடீரென்று அவரைத் திரும்பிப் பார்த்து, "எங்கம்மா அந்தக் கல்யாணத்துல நல்லா சாப்பிட்டாளாமா?" என்று கேட்டாயாம். மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை, அப்பாவிடம் கேட்டார், அப்பா என்னிடம் வந்து சொன்னார், சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடிக் கடையில் முப்பது வருஷம் லென்ஸ் தேய்த்த மனிதர், அழுகை வந்தால் அவருக்கு அதைவிட நல்ல சாக்குக் கிடைக்காது, உனக்குத்தான் தெரியுமே. உன்னுடைய அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம். நான் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. குழந்தைக்குத் துடிப்பு இல்லை என்று நீ போனில் சொல்லி அழுத அந்தக் காலையில் நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையில் ஊசியும் மூக்கில் குழாயுமாகப் படுத்திருந்தேன். அன்றைக்கு நான் சாப்பிட்டது இரண்டு ஸ்பூன் தண்ணீர். இரண்டும் திரும்பி வந்துவிட்டது.

ஆதியிலிருந்து சொல்கிறேன், நடுவில் எங்கேயாவது சிரிப்பு வந்தால் சிரித்துவிடு, யாரும் உன்னைத் தப்பாக நினைக்கமாட்டார்கள். நீ இரண்டாம் மாசத்தில், ஸ்கேன் படத்தில் பட்டாணி அளவு ஒன்று தெரிகிறது என்று சொன்னாயே, அன்றைக்கே நான் பேர் வைத்துவிட்டேன், பட்டாணி என்று. (இந்தப் பேரை இனிமேல் நான் சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை, இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லத்தான் போகிறேன், வேண்டாமென்றால் சொல்லு, நிறுத்திவிடுகிறேன்.) பிரசவத்துக்கு வந்துவிடு என்றாய், நான் சரியென்று சொல்லிப் போனை வைத்தேன், வைத்தபிறகுதான் உன் வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது என்று ஞாபகம் வந்தது. நூற்றிருபத்தேழு கிலோவை வைத்துக்கொண்டு நாலு மாடி. ஒரு சோதனை செய்து பார்த்துவிடலாமென்று துணிப்பையில் மூன்று கிலோ அரிசியைக் கட்டி, அதைப் பட்டாணியாகப் பாவித்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, எங்கள் நிலையத்து நடைமேம்பாலத்தில் ஏறினேன். முதல் வளைவில் மூச்சு வாங்கியது, இரண்டாம் வளைவில் உட்கார்ந்துவிட்டேன், எழுந்திருக்க வரவில்லை. டிக்கெட் பரிசோதகர், அதுதான் நாங்கள் விசில் என்று கூப்பிடுவோமே அந்த மனிதர், ஓடிவந்து அபராத ரசீது புத்தகத்தால் எனக்கு விசிறிவிட்டார். ஜனங்கள் எனக்கு இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போனார்கள், படியில் வண்டி பழுதாகி நின்றால் எப்படி ஒதுங்குவார்களோ அப்படி. அந்த இடத்தில் அரிசிப் பையைத் தட்டிக்கொடுத்தபடியே முடிவு செய்தேன், உடம்பு இளைக்க ஆபரேஷன் செய்து வயிற்றை வெட்டிக்கொள்வதென்று.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். புத்திதான் காரணம், வேறென்ன, உன் அம்மாவுக்கு எதையும் நேராகச் செய்யவராது. போனமுறை உன்னைப் பார்க்க வந்தபோது விமானத்தில் பெல்ட் எட்டாமல், அந்தப் பெண் கூடுதல் பெல்ட் துண்டு ஒன்றை எல்லோரும் பார்க்கக் கொண்டுவந்து கோத்துவிட்டாளே, நீ அந்தக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாயே, இந்தத் தடவை அந்த இடத்தில் ஜம்மென்று மாட்டிக்கொண்டு வந்து இறங்குவதென்று திட்டம். நீ பெரிய வயிற்றோடு வாசலில் நின்று அம்மாவைத் தேடவேண்டும், நான் உன்னைத் தாண்டி நடந்துபோய்ப் பின்னால் நின்று, "ஏம்மா, யாரையாவது தேடறீங்களா?" என்று கேட்கவேண்டும். இதைச் சொல்லிப் பார்த்துக் கண்ணாடி முன்னால் எத்தனை நாள் ஒத்திகை பார்த்திருக்கிறேன் தெரியுமா. அதற்காகத்தான் போன் கேமரா கெட்டுப்போய்விட்டது என்று அளந்தேன். நீ இரண்டு மாசம் முகத்தைக் காட்டு காட்டு என்று கேட்டாய், நான் கேமராவைச் சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன், உதிரி வரவில்லை என்று கதைவிட்டேன். முகத்தைக் காட்டியிருக்கலாம். இப்போது அதை நினைத்தால் என்னை நானே நாலு சாத்துச் சாத்தவேண்டும்போல் இருக்கிறது.

உனக்கு ஐந்தாம் மாசம் நடக்கும்போது ஆபரேஷன் நடந்தது, நல்லபடியாகவே நடந்தது. வயிற்றில் முக்கால்வாசியை எடுத்துவிட்டு ஒரு வாழைப்பழம் அகலத்துக்கு மிச்சம் வைத்தார்கள். அவர்கள் எடுத்துப்போனது வயிற்றை, ஆசையை அல்ல, அது முழுசாக உள்ளேயே இருக்கிறது. அதற்குப்பிறகு நான் பட்ட பாட்டை எழுதினால் அச்சுப்போட்டு விற்கலாம். சாப்பாட்டு ஆலோசனை சொல்ல அங்கே ஒரு பெண் இருக்கிறாள், ஈர்க்குச்சி என்று நான் பேர் வைத்திருக்கிறேன், அவளைத் திருப்பி நிறுத்தினால் காணாமல் போய்விடுவாள். அவள்தான் எனக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தாள். சின்ன ஸ்பூன்தான், ஒரு வாய்க்கு இருபத்தைந்து முறை மெல்லவேண்டும், ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுத்தான் மெல்லவேண்டும், சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, அரைமணி கழித்துத்தான். மீறினால் தண்டனை உடனுக்குடன். ஒருநாள் மென்றது போதாமல் ரொட்டித் துண்டு ஒன்று நெஞ்சிலேயே நின்றுகொண்டது, வாயெல்லாம் நுரை, சோப்பைத் தின்றவள்போலக் கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன். இன்னொரு நாள் பக்கத்து வீட்டில் கொடுத்த கேக்கில் ஒரு ஓரம், விரல் நுனி அளவு, தெரியாமல் சாப்பிட்டுவிட்டேன், வியர்த்துக் கொட்டிப் படபடவென்று அடித்துக்கொண்டு தரையிலேயே படுத்துவிட்டேன். காற்றோ கேட்கவே வேண்டாம், வயிற்றுக்குள் யாரோ மேசை நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம். மைக்கில் ஒருநாள் 'நான்காவது நடைமேடையில்' என்றேன், அதற்கப்புறம் வந்தது அறிவிப்பு இல்லை, ஏப்பம், பத்து ஒலிபெருக்கியிலும் ஒரே நேரத்தில். நாலாவது நடைமேடையில் நின்ற ஜனங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்கள் என்று விசில் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். உன் அத்தை வந்து பார்த்துவிட்டு, "உடம்பு இளைச்சா அழகு வரும்னு யாரோ உனக்குத் தப்பா சொல்லிட்டாங்க அண்ணி" என்றாள். எல்லாவற்றையும் உனக்காகச் சேர்த்து வைத்திருந்தேன், நேரில் சொல்லவேண்டும், பட்டாணியை மடியில் போட்டுக்கொண்டு சொல்லவேண்டும் என்று. என் பழைய வயிறு இருந்தவரை எனக்கு மடியே கிடையாது, நீ சின்னதில் சறுக்கிச் சறுக்கி விழுவாய். இப்போது உட்கார்ந்தால் மடி இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்து பத்தாவது வாரத்தில் சோதனை வந்தது. முதலில் சோறு இறங்கவில்லை, அப்புறம் சூப் இறங்கவில்லை, அப்புறம் தண்ணீரே இறங்கவில்லை, ஒரு மடக்குக் குடித்தால் நெஞ்சை அடைத்துக்கொண்டு அப்படியே வெளியே. நான்தான் அவசரமாகத் தின்கிறேன் என்று நினைத்து நாலு நாள் பொறுத்துக்கொண்டேன், ஐந்தாம் நாள் மைக் முன்னாலேயே தலை சுற்றிச் சரிந்துவிட்டேன். தைத்த இடம் சுருங்கிப்போய் வழி அடைத்திருக்கிறது, உள்ளே ஒரு பலூனை விட்டு ஊதி அகலப்படுத்தவேண்டும் என்றார்கள். அதற்கு முன்னால் உடம்பில் தண்ணீர் ஏறவேண்டும் என்று படுக்கையில் போட்டு, மூக்கு வழியாகக் குழாயும் விட்டார்கள். அந்தப் படுக்கையில் இருக்கும்போதுதான் நீ அழைத்தாய். என்னிடம் போன் இல்லை, அப்பா வராந்தாவில் நின்று எடுத்தார். நான் ஊருக்குப் போயிருக்கிறேன், கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன் என்று சொல்லச் சொன்னதும் நான்தான், முன்னாலேயே சொல்லிவைத்திருந்தேன், உனக்கு ஏழாம் மாசம், ஆஸ்பத்திரி என்று கேட்டால் பதறுவாய் என்று. அதனால் அப்பா மேல் உனக்குக் கோபம் இருந்தால் அதை இந்தப் பக்கம் திருப்பிவிடு. நீ விஷயத்தைச் சொல்வதற்கு முன்னால் அவர் கல்யாணம் என்று சொல்லிவிட்டார், அப்புறம்தான் நீ சொன்னாய். வராந்தாவில் சுவரோடு உட்கார்ந்துவிட்டாராம், அங்கே தரை துடைக்கிற அம்மாள் அவரை எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்தாளாம். எனக்கு இரண்டு நாள் சொல்லவில்லை. பலூன் போட்டு முடித்து, குழாயை எடுத்தபிறகு, கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. அப்பா போனை என் காதில் வைத்தார். நீ "அம்மா" என்றாய், அழுதாய், நான் உன் அழுகையைக் கேட்டுக்கொண்டே இருந்தேன், குழாய் போன தொண்டை, குரல் எழும்பவில்லை. கண்ணு, நான் இருக்கேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பலூன் விட்டவர்கள் வயிற்றுக்குள் காற்றையும் நிறைய அடைத்திருந்தார்கள், அழுகையை விழுங்கிய காற்று வேறு, எல்லாம் சேர்ந்து ஒரு ஏப்பமாக வந்தது. சின்ன ஏப்பம் இல்லை, பெரிய விருந்தில் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வருகிறவன் விடுவானே, அந்த ஏப்பம். உன் அழுகை நின்றுவிட்டது. அப்புறம் மெதுவாக, கோபம்கூட இல்லாமல், "சாப்பிட்டு முடிச்சிட்டியாம்மா?" என்று கேட்டாய். போனை வைத்துவிட்டாய்.

என் ஆயுசில் எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன், எந்தச் சத்தத்துக்கும் நான் வெட்கப்பட்டதில்லை, அந்த ஒரு சத்தத்தைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள முடியுமானால் மிச்சமிருக்கிற வாழைப்பழத்தையும் வெட்டிக் கொடுத்துவிடுவேன். உடனே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றால், நீதான் போனை எடுக்கவில்லை, மாப்பிள்ளை மூலமாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உனக்கு நேர்ந்ததுக்கு நடுவில் என் வயிற்றைக் கொண்டுவந்து வைப்பதா என்று இருந்தது. இன்னொன்றுக்கும் பயந்தேன். அம்மா எனக்காகத்தானே வெட்டிக்கொண்டாள் என்று இதையும் எடுத்து உன் தலையில் வைத்துக்கொள்வாய், அன்றைக்குத் தண்ணீர் வாளியைத் தூக்கினேனே, அதனால்தானோ என்று ஏற்கெனவே மருகிக்கொண்டிருக்கிறாயாம். வாளியால் இல்லை என்று உன் டாக்டர் சொல்லிவிட்டார், உன் மாடிப்படியாலும் இல்லை, நீ ஒன்றுமே செய்யவில்லை கண்ணு. என் வயிறும் உனக்காக இல்லை, எனக்காக. அந்த நாலு மாடியை நான் ஏறவேண்டும் என்பது என்னுடைய பேராசை.

இங்கே வீட்டில் எப்படி என்றால், ஈர்க்குச்சி சொல்லிக்கொடுத்த இன்னொரு விஷயம், இந்தச் சின்ன வயிறு நிறைந்தால் சில பேருக்கு மூக்கு ஒழுகுமாம், அதுதான் போதும் என்பதற்கு அடையாளம். எனக்கு நாலு ஸ்பூனில் ஒழுகும். அப்பா எதிரில் உட்கார்ந்து என் மூக்கையே பார்த்துக்கொண்டிருப்பார், ஒழுகினதும், "நிறைஞ்சிடுச்சா?" என்று கேட்டுத் தட்டை எடுத்துவிடுவார். இந்த நாற்பது நாளாக ஒரு ஸ்பூனும் வைக்காமலேயே ஒழுகுகிறது. அவர் அப்போதும், "நிறைஞ்சிடுச்சா?" என்றுதான் கேட்கிறார், நானும் ஆமாம் என்கிறேன், தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். உன் கையில் ஐந்து நிமிஷம் இருந்தானாமே, மாப்பிள்ளை சொன்னார், தலை நிறைய முடியாமே. யார் ஜாடை என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகும் நான் அரிசிப் பையை எடுத்துக்கொண்டு மேம்பாலம் ஏறிக்கொண்டுதான் இருந்தேன், ஏனென்று கேட்காதே, கால் அந்த நேரத்துக்குத் தானாகப் போனது. இப்போது நாலு வளைவும் நிற்காமல் ஏறுகிறேன். ஒருநாள் மேலே விசில் நின்றுகொண்டு, "பாட்டி ஆயிட்டீங்களா?" என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டார். பாவம், அவருக்கு யார் சொல்வது. நான், ஆயிட்டேன், பையன் என்று சொல்லிவிட்டு இறங்கிவந்தேன். பொய்யில்லையே அது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து பையைப் பிரித்து அரிசியை டப்பாவில் கொட்டினேன். அப்பா பையைத் துவைத்துக் கொடியில் போட்டார், காய்ந்ததும் மடித்து அவருடைய சட்டைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறார், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பை இல்லாமல் படியேறினால் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

இனிமேல் வருவது அம்மாவின் புத்திமதி, கொஞ்சம்தான். உனக்கு வயிற்றில் ஒன்றும் வெட்டவில்லை, ஆனாலும் உள்ளே இறங்கவில்லை என்கிறாயாமே, அது எப்படி இருக்குமென்று இந்த உலகத்தில் யாருக்குத் தெரியுமோ தெரியாதோ எனக்குத் தெரியும். அதனால் தட்டு நிறையப் போட்டு உன் முன்னால் வைக்கவேண்டாமென்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு, அதைப் பார்த்தாலே அடைக்கும். சின்ன ஸ்பூனாக எடு. முட்டையோ தயிரோ சூப்போ, நாலு ஸ்பூன். ஒரு ஸ்பூன் வாயில் போட்டதும் ஸ்பூனைக் கீழே வைத்துவிடு. மெல்லு, அவசரமில்லை, வெளியே எந்த வண்டியும் உனக்காகப் புறப்படவில்லை. இறங்கினது தெரிந்தபிறகு அடுத்தது. இரண்டாவதில் அழுகை வந்தால் நிறுத்திவிடு, அரைமணி கழித்து மறுபடி. எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அப்படித்தான் உயிரோடு இருக்கிறேன்.

இந்தக் கடிதம் வந்துசேரப் பத்து நாள் ஆகும் என்கிறார்கள். நான் தினமும் உன் கடிகாரத்துக் காலை எட்டு மணிக்கு அழைப்பேன், இங்கே அது மத்தியானச் சாப்பாட்டு நேரம். கேமரா சரியாகிவிட்டது. நீ ஒரு வார்த்தையும் பேசவேண்டாம், எடுத்துப் போனை எதன்மேலாவது சாய்த்து வைத்துவிட்டு உன் நாலு ஸ்பூனைச் சாப்பிடு, நான் இந்தப் பக்கம் என் நாலு ஸ்பூனைச் சாப்பிடுகிறேன். முகத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, கன்னம் தொங்கிப்போய்ச் உன் சித்தி மாதிரி இருக்கிறேன், குரலை வைத்து அடையாளம் கண்டுபிடி. நடுவில் ஏப்பம் வரும், அது வெறும் காற்று, அதற்குப் பின்னால் சாப்பாடு ஒன்றும் இல்லை என்று இப்போது உனக்குத் தெரியும். உன்னிடம் வர எடுத்த விமான டிக்கெட்டை நான் ரத்து செய்யவில்லை, அதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். நீ வா என்றால் வருகிறேன், வேண்டாமென்றால் வரமாட்டேன். வந்தால் வாசலில் விளையாட்டுக் காட்டமாட்டேன், நேராக உன் முன்னால் வந்து நிற்பேன். தூக்குவதற்கு யாரும் இல்லை என்று நினைக்காதே. மடி இருக்கிறது என்று சொன்னேனே, அது உனக்கும் பொருந்தும் அளவுதான்.

நீயும் மாப்பிள்ளையும் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நன்றாக இருக்கவேண்டும், அவருக்கும் பிள்ளை போயிருக்கிறது, அவர் தட்டையும் எட்டிப் பார். டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதே, காலில் சாக்ஸ் போட்டுக்கொள், வாளியைத் தூக்காதே. அம்மாவின் எல்லா ஆசீர்வாதமும், போன வருஷத்தைவிட நாற்பது கிலோ குறைவாக, ஆனால் ஒன்றும் குறையாமல்.

பட்டாணியின் பாட்டியும்
உன்னுடைய
அம்மாவும் ஆனவள்.

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. தபால் நிலையத்தில் உறையை ஒட்டுவதற்கு முன்னால் இதை எழுதுகிறேன், அம்மாவுக்குத் தெரியாது. அவள் என்னைச் சொல்லச் சொன்னது அலுவலகப் பயிற்சி என்று. கல்யாணம் என்று சொன்னது நான். நீ அழைத்தபோது கட்டிலில் அவள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள், நீ அம்மா எங்கே என்றாய், நல்லதாக ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து பழியை அவளே வைத்துக்கொண்டிருக்கிறாள், கேட்டால் அடிக்க வருகிறாள். இன்றைக்கு மூன்று ஸ்பூன் சாப்பிட்டாள். நாலாவதை உனக்கென்று வைத்துவிட்டாள். எட்டு மணிக்குப் போனை எடு பாப்பா.